அம்மாவை ஆட்டத்துக்கு அனுப்பினேன்

பிப்ரவரி 9

பாப்பாவுக்கு,

போன் பண்ணாதே என்று சொல்லிவிட்டாய். பண்ணவில்லை. எழுதாதே என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கை, கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மயானத்திலிருந்து நேராக விமான நிலையத்துக்குப் போனவள் நீ. வீட்டுக்குள் கால்கூட வைக்கவில்லை. ஒரு தடவை வந்துவிட்டுப் போ. நான் கேட்பது அது ஒன்றுதான். மீதியெல்லாம் வீட்டுச் செய்தி.

செய்தி என்னவென்றால், உன் அப்பன் இளைத்துப் போய்விட்டேன். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. கீழ் வீட்டு டீச்சர் என்னை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்னார். மனைவியை இழந்த ஆண்களுக்கென்று ஒரு குழு நடக்கிறதாம், அங்கே போகச் சொன்னார். நாலு பேர் உட்கார்ந்து அழுவார்கள், நாமும் மூக்கைச் சிந்திவிட்டு வரலாம் என்று போனால் மேஜைமேல் பகடை கிடக்கிறது. நீ பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்துகிறாயே, அதே ஆட்டம். "பகடை உருட்டறதுக்கா உனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று உன்னைக் கேலி செய்த வாய் இது. இப்போது வியாழக்கிழமை தவறாமல் நானே உருட்டுகிறேன். நன்றாகச் சிரி.

நடத்துகிற ஆலோசகர் சின்ன வயசுக்காரர், தாடி வைத்திருக்கிறார். தாடிக்காரர் என்றுதான் எங்களுக்குள் பேச்சு. மேஜையில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தாடிக்காரர் கதை சொல்லிக்கொண்டே வந்து நிறுத்துவார். "எதிர்ல ஒரு பாலம். அந்தப் பக்கம் கொள்ளைக்காரங்க நிக்கிறாங்க. என்ன செய்றீங்க?" நம் ஆள் என்ன செய்வார், என்ன பேசுவார் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். உனக்குப் போய் நான் விளக்குகிறேன் பார்.

முதல் நாள் அவர் கேட்டார்: "இந்தப் பயணத்துக்கு உங்களுக்குப் பதிலா ஒருத்தரை அனுப்பணும். யாரை அனுப்புவீங்க?" டிரைவர் ஒரு வில் வீரனை அனுப்பினார். பல் டாக்டர் ஒரு மந்திரவாதியை அனுப்பினார். எனக்கு அந்த மாதிரி ஒன்றும் தோன்றவில்லை. நான் போகத் தயங்கிய இடத்துக்கெல்லாம் யாரை அனுப்பினேன்? பேங்குக்கு, உன் பள்ளிக்கூடத்துக்கு, மேல் வீட்டுக்காரனோடு தண்ணீர்ச் சண்டைக்கு, எல்லாவற்றுக்கும் அம்மாதான் போனாள். அதனால் அம்மாவையே அனுப்பினேன்.

"ஆயுதம் என்ன?" என்றார். குடை என்றேன். "வயசு?" என்றார். அறுபதைத் தாண்டியாச்சு, முட்டி வலி உண்டு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் கற்பனை பண்ணிய பொம்பளை என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை.

போன வாரம் அந்தப் பாலத்தில் அம்மா குடையை நீட்டி, "ஏம்ப்பா, இந்தப் பாலத்தை என்ன உங்கப்பனா கட்டினான்?" என்று கேட்டாள். பகடையில் பெரிய எண் விழுந்தது. கொள்ளைக்காரர்கள் வழி விட்டதோடு மூட்டையையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்கள். பாப்பா, அவள் போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வருவாயா என்று எழுது.

அப்பா


பிப்ரவரி 21

அப்பாவுக்கு,

வர மாட்டேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், நீங்கள் கடைசி வரி வரைக்கும் தேட வேண்டாம்.

இனி என் தொழிலைப் பற்றி. என் மேஜைக்கு வரும் பிள்ளைகள் முதல் நாள் அப்பா அம்மாவே இல்லாத ஆளைத்தான் உருவாக்குவார்கள். யாரும் கேள்வி கேட்க முடியாத ஆளாக இருக்க வேண்டும் என்று ஆசை. நான் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "இது உனக்குத் தெரிஞ்ச யாராவதா?" என்று கேட்பேன். இறந்துபோனவர்களை மேஜைக்குக் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் நடத்துகிறவருக்குத் தெரியாமல் கொண்டுவரக் கூடாது. நாளைக்கு அவர் கதையில் உங்கள் ஆளைக் கிணற்றில் தள்ளுவார். அது யாரென்று தெரியாமல் தள்ளுவார். உங்கள் தாடிக்காரர் கேட்காமல் விட்டது அவர் தப்பு. நீங்கள் சொல்லாமல் இருப்பது உங்கள் தப்பு. அடுத்த வியாழக்கிழமையே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் எனக்குள் இருக்கும் ஆலோசகர் எழுதியது. இனி எழுதுவது உங்கள் மகள்.

அம்மா தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்து மெஷினில் கிடந்தபோது உங்களிடம் என்ன கேட்டேன்? ரெண்டு நாள். "டிக்கெட் போட்டுட்டேன்பா, ரெண்டு நாள்ல வந்துடறேன், அதுவரைக்கும் கையெழுத்து போடாதீங்க." நீங்கள் சரி என்றுகூடச் சொல்லவில்லை. போனை வைத்தீர்கள், போய்க் கையெழுத்துப் போட்டீர்கள், மெஷினை நிறுத்தினார்கள். நான் வந்து பார்த்தது பெட்டியில்தான்.

இப்போது வாராவாரம் நீங்கள் அம்மாவைப் பார்க்கிறீர்கள். குடை, முட்டி வலி, அந்த வாய், எல்லாவற்றோடும். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அப்படித்தான் கேட்டிருப்பாள். உடனே வயிறு எரிந்தது. எனக்கு அந்த இரண்டு நாளைக் கொடுக்காதவருக்கு வியாழக்கிழமைகளெல்லாம் கிடைக்கிறதே என்று.

சாப்பிடுங்கள். இளைத்துப் போனதாக எழுதி என்னை வரவழைக்க முடியாது.


மார்ச் 4

பாப்பாவுக்கு,

தாடிக்காரரிடம் சொல்லவில்லை. திட்டாதே. சொன்னால் மூன்று பேரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இப்போது அவர்களுக்கு அவள் ஒரு பொல்லாத கிழவி. அவளோடு வம்பு வளர்க்கிறார்கள். அவளைக் கேட்காமல் டிரைவரின் வில் வீரன் ஒரு அடி எடுத்து வைப்பதில்லை. பல் டாக்டர் அதிகம் பேசாதவர், கை விரல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். போன வாரம் அம்மா அவரைப் பார்த்து, "மந்திரம் எல்லாம் அப்புறம், மொதல்ல சாப்டியா?" என்றாள். அவர் சட்டென்று, "இல்லம்மா" என்றார். மந்திரவாதி சொன்னாரா இவர் சொன்னாரா என்று எங்களுக்குப் புரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் மூவரும் எதிர்க்கடைக்குப் போய்ச் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன். இதை உன்னை வரவழைக்க எழுதவில்லை.

வியாழக்கிழமைகளில் அவளைப் பார்க்கிறேன் என்று வயிறு எரிந்தாயே, ஆமாம், பார்க்கிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். வியாழக்கிழமை முடிந்து வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தம் கிடையாது. அதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

அந்த இரண்டு நாள் விஷயம். நீ பக்கத்தில் இல்லை பாப்பா. அவள் தொண்டையில் குழாய். முகம் ஊதிப்போய் யாரோ மாதிரி இருந்தாள். நெஞ்சு மட்டும் மெஷின் சொன்னபடி ஏறி இறங்கியது. ஏறுவதும் இறங்குவதும் என் தொழில். மோட்டார் ஓடுகிறது, உள்ளே ஆள் இல்லை என்று எனக்குத் தெரியாதா? அவளுக்கு வாய் இருந்திருந்தால், "போதும், விடுங்க" என்றுதான் சொல்லியிருப்பாள். அவளோடு வாழ்ந்தவன் நான். எனக்குத் தெரியும்.

இதற்குமேல் இதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நீ வந்தால் போதும்.

அப்பா


மார்ச் 28

பாப்பாவுக்கு,

நீ பதில் போடவில்லை. போடாவிட்டாலும் இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

நீ சொன்னபடியே ஆயிற்று. கிணறு இல்லை, சுரங்கம். கயிற்றில் தொங்கும் கூண்டில் இறங்க வேண்டும். என்னிடமா கூண்டைக் காட்டுவது? கயிறு எத்தனை புரி, பிரேக் எங்கே இருக்கிறது, கடைசியாக யார் பார்த்தார்கள் என்று நான் கேட்ட கேள்வியில் தாடிக்காரர் திணறிப் போனார். "சார், இது கதை சார்" என்றார். சரி என்று அம்மாவை முதலில் இறக்கினேன். பகடை உருட்டினேன். ஒன்று விழுந்தது. அதற்குக் கீழே எண் கிடையாது. கூண்டு அறுந்து அடியில் போய் விழுந்தது. என் கை பட்ட கூண்டு எதுவும் விழுந்ததில்லை பாப்பா, முதல் கூண்டு இதுதான்.

அவள் அடியில் அசையாமல் கிடக்கிறாள். டிரைவர் உடனே, "மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியச்சி இருக்கா, ஆள் அனுப்பினா ரெண்டு மூணு நாள்ல வந்துடுவா, காத்திருப்போம்" என்றார். பல் டாக்டர் தலையை நிமிர்த்தாமல், "அவங்க வலி தாங்க மாட்டாங்க, போக விடுங்க" என்றார். இருவருக்கும் வாக்குவாதம். டிரைவர் மேஜையைத் தட்டினார். தாடிக்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவங்களையே கேப்போம். அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?"

எனக்குப் பதில் தெரியும். உனக்கு எழுதினேனே, அதே பதில். போதும், விடுங்க. ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது. வாயைத் திறந்தேன். "என் பொண்ணு வர்றேன்னு சொல்லியிருக்கா, அவ வர வரைக்கும் இருக்கேன்" என்று வந்தது.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவள் சொல்கிற மாதிரியே வந்தது.  மயானத்தில் அழாதவன், அந்த மேஜையில் அழுதேன். தாடிக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சார், அவங்க யாரு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் செத்துப் போயிற்று. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், என் தப்பு என்று அவரும் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

அவளை ஆட்டத்திலிருந்து நல்லபடியாக வழியனுப்பிவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். மகள் வரும்வரை இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள், இன்னொரு தடவை என்னால் முடியாது. டிரைவரும் பல் டாக்டரும், அப்படியானால் நாங்களும் காத்திருக்கிறோம் என்றார்கள். போன வியாழக்கிழமை முழுக்க ஒன்றும் ஆடவில்லை. சுரங்கத்தின் அடியில் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

கதையில் மகள் வர வேண்டும். அவளுக்குப் பேச நாங்கள் யாரும் லாயக்கில்லை. நீ நேரில் வர வேண்டாம். வந்ததும் அம்மாவிடம் அந்த மகள் என்ன சொல்வாள் என்று மட்டும் எழுதி அனுப்பு. மேஜையில் படிக்கிறோம்.

அப்பா


ஏப்ரல் 8

அப்பாவுக்கு,

எழுதித் தர மாட்டேன். உங்கள் ஆட்டத்தில் நான் ஒரு ஆள் இல்லை.

மேஜையில் இறந்தவர்கள் பேசுவதில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. நீங்கள் கேட்டது அம்மாவின் குரல் அல்ல, உங்கள் குரல்தான். உள்ளே ஒரு வருஷமாக அடைத்துக் கிடந்தது வெளியே வந்தது, அவ்வளவுதான். அம்மா காத்திருந்திருப்பாளா மாட்டாளா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இறுதிச் சடங்கு அன்றைக்கே மெஷினை நிறுத்திய டாக்டரைப் போனில் பிடித்துக் கேட்டேன். "நீங்க வந்திருந்தாலும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா" என்றார். அது தெரிந்துதான் மயானத்திலிருந்து திரும்ப விமானம் ஏறினேன். தெரிந்துதான் உங்களோடு பேசாமல் இருக்கிறேன். அவளுக்குத் தெரிந்திருக்காது, சரி. எனக்குத் தெரிந்திருக்குமே. கை சூடாக இருக்கும்போது ஒரு தடவை பிடித்திருப்பேனே.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஒரு பெண் பிள்ளை, அவளுடைய வீராங்கனையை ஒரு கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, திறக்கவும் மாட்டேன், திரும்பவும் மாட்டேன் என்று அடம் பிடித்தாள். வழக்கமாக நான் பொறுமையாகக் காத்திருப்பேன். அன்றைக்கு எழுந்து வெளியே வந்துவிட்டேன். கழிவறையில் போய் நின்றேன்.

ஒரு வருஷமாக நான், "அம்மா காத்திருந்திருப்பா" என்றேன். நீங்கள், "மாட்டா" என்றீர்கள். இப்போது நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை அப்பா. சண்டை போடுகிறவரைக்கும் அம்மா விஷயம் முடியாமல் இருந்தது. நீங்கள் விட்டுக்கொடுத்ததும் முடிந்துவிட்டது. அம்மா செத்துப்போனது இந்த வாரம்தான் எனக்கு முழுசாகத் தெரிகிறது.

என்னிடம் எதுவும் கேட்காதீர்கள்.


ஏப்ரல் 11

அப்பாவுக்கு,

எட்டாம் தேதி போட்ட கடிதம் முதலில் வரும். அதில் இருப்பது எல்லாம் நிஜம். இதுவும் நிஜம். மேஜையில் படியுங்கள். மாற்றாமல் படியுங்கள்.

"அம்மா, வந்துட்டேன். லேட்டாயிடுச்சு. அதுக்கு முன்னாடி விமானம் இல்ல. நான் ரெண்டு நாள் கேட்டேம்மா, அப்பா தரல. அவர்மேல எனக்குக் கோபம் கோபமா வருது. ராத்திரி பகல் தெரியாம வருது. சின்ன வயசுலேர்ந்து அவர்மேல கோபம் வந்தா நான் யார்கிட்ட வருவேன்? உன்கிட்டதானே. சைக்கிள் வாங்கித் தரலேன்னு வந்தேன், வெளியூர்ல படிக்க விடலேன்னு வந்தேன். நீ வேலையைப் பாத்துக்கிட்டே கேப்ப. இது எல்லாத்தையும்விடப் பெரிய கோபம், இப்பப் பாத்து நீ இல்ல. இதை நான் யார்கிட்டம்மா சொல்றது? முட்டி வலிக்குதா? காலைக் குடு, பிடிச்சு விடறேன்."


ஏப்ரல் 25

பாப்பாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. இரண்டாவதை மேஜைக்கு எடுத்துப் போனேன்.

என்னால் படிக்க முடியாது என்று தெரியும். அதுவுமில்லாமல் நான்தான் அம்மா, கேட்க வேண்டிய ஆள். டிரைவரிடம் கொடுத்தேன். "டிக்கெட், டிக்கெட்" என்று கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல் அவருக்கு, கண்டக்டர் லீவு போட்டால் அதையும் அவரே பார்ப்பாராம். அந்தக் குரலில், "அம்மா, வந்துட்டேன்" என்று ஆரம்பித்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. "காலைக் குடு" என்ற இடத்தில் அவர் நிறுத்திவிட்டார். பல் டாக்டர் தண்ணீர் நகர்த்தி வைத்தார். குடித்துவிட்டு மிச்சத்தைப் படித்தார்.

தாடிக்காரர் என்னிடம், "அம்மா என்ன சொல்றாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாமென்றால் வேண்டாம் என்றும் சொன்னார்.

பாப்பா, சமையலறையில் நீங்கள் இருவரும் என்னைப் பற்றிப் பேசுவது எனக்குக் கேட்கும். எப்போதும் கேட்டது. நீ பொரிந்து தள்ளுவாய். கடைசியில் அம்மா, "அந்த மனுஷன் கெடக்கார், விடு" என்பாள். உன் கோபம் அதோடு இறங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் அவள் அதைச் சொல்லும்வரை நான் ஹாலில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு வார்த்தையில்தான் இந்த வீட்டில் என் பிழைப்பு ஓடியது.

அன்றைக்கு அது என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருக்கலாம். யாரும் தப்பென்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அதை நான் சொன்னால் அவள் வாயை இரவல் வாங்கி எனக்கு நானே மன்னிப்புக் கொடுத்துக்கொண்ட மாதிரி. அவள் சொல்லாததை ஒரு தடவை அவளுக்காகச் சொல்லியாயிற்று. சும்மா இருந்தேன். காலை மட்டும் கொஞ்சம் நீட்டினேன், மேஜைக்கு அடியில். யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்புறம், அவள் போய்விட்டாள் என்றேன். தாடிக்காரர் பகடையைத் தொடவில்லை. டிரைவர் எழுந்து நின்றார், நாங்களும் நின்றோம். குடையை என்ன செய்வது என்று பல் டாக்டர் கேட்டார். அவளோடேயே இருக்கட்டும் என்றேன்.

இந்த வாரமும் போனேன். தாடிக்காரர் புதிதாக ஒருவரை அனுப்பச் சொன்னார். எனக்கு அனுப்ப ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன்.

நீ வரவேண்டும் என்று இனி கேட்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். என்மேல் இருக்கிற கோபத்தைச் சொல்ல ஆள் இல்லை என்று எழுதியிருந்தாய். என்னிடமே சொல்லு. உன் அம்மா மாதிரிச் சமாதானம் சொல்ல எனக்கு வராது. கேட்டுக்கொள்வேன்.

அப்பா


மே 5

அப்பாவுக்கு,

பதினெட்டாம் தேதி காலையில் வருகிறேன். விமான நிலையத்துக்கு வர வேண்டாம். வழியில் நான்கு பேருக்கு முன்னால் நல்லபடியாகப் பேச வேண்டியிருக்கும், என்னால் முடியாது. நானே வந்து மணியை அடிக்கிறேன். கதவை நீங்கள்தான் திறக்க வேண்டும். அம்மா திறக்காமல் அந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை, எப்படி வருவேன் என்று தெரியவில்லை.

உள்ளே வந்ததும் திட்ட ஆரம்பிப்பேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கே தெரியாது. நடுவில் பதில் சொல்லாதீர்கள், டாக்டர் சொன்னதைச் சொல்லாதீர்கள். எழுந்து வேறு அறைக்குப் போகாதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள், அதைப் பற்றி ஒன்றுமில்லை.

அம்மா குரலில் மட்டும் பேசிவிடாதீர்கள்.